ஆறே முக்கால் பெர்ரியும் டீச்சரின் மூன்று டர்போக்களும்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

நான் வேலையை விட்டபோது உங்களில் ஒருவரும் இங்கே இல்லை. இடுப்பு ஒத்துழைக்காததால் ஐம்பத்து மூன்று வயதிலேயே ஸ்பேனரைக் கீழே வைத்தவன் நான். போன வாரம் எட்டிப் பார்க்க வந்தேன். நீங்கள் மூன்று பேர் ஒரு காருக்குள் ஒயரைச் செருகிவிட்டு, சிறிய திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். காரின் சொந்தக்காரர் இரண்டடி தள்ளி நின்று, எதையோ சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் அவர் என்னிடம் வந்து கழிவறை எங்கே என்று கேட்டார். சொல்ல வந்தது அதுவாக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

குறை சொல்ல எழுதவில்லை. உங்களுக்காவது பார்ப்பதற்கு ஒரு திரை இருக்கிறது. எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. வாடிக்கையாளர் கிட்டே வந்தால் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். கூச்சம், வேறொன்றுமில்லை. அந்தக் கூச்சத்தால் நான் ஒரு டர்போவைக் கொன்ற கதைதான் இது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டறை அப்போதும் தீவில், ஜெலுத்தோங்கில்தான் இருந்தது. ஆறு வருடம் டயர் பக்கம் குனிந்து கிடந்த எனக்கு, முதலாளி அப்போதுதான் இரண்டாவது ஹோயிஸ்டை ஒப்படைத்திருந்தார். காரைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு நிமிர்ந்து நின்று வேலை செய்வது எவ்வளவு பெரிய கௌரவம் என்று, பிறந்ததிலிருந்தே ஹோயிஸ்டைப் பார்க்கும் உங்களுக்குப் புரியாது. முதல் வாரம் வீட்டில்கூட நான் நிமிர்ந்தே நடந்தேன். என் மனைவி கழுத்துப் பிடிப்பா என்று கேட்டாள்.

அந்த ஹோயிஸ்டுக்கு வந்த முதல் பெரிய வேலை டீச்சரின் கார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, ஜப்பானில் செய்தது, டர்போ. மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் அந்தக் காரை யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது கடவுளுக்கே தெரியும். சாலையில் நின்றால் பையன்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். பிறகு கதவு திறக்கும். உள்ளிருந்து நாற்பத்தைந்து வயது அம்மா ஒருவர் இறங்குவார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நெற்றியில் திருநீறு, தடித்த கண்ணாடி, கையில் நோட்டுப் புத்தகக் கட்டு. ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு கடலுக்கு அந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸில். பையன்கள் கலைந்து போய்விடுவார்கள்.

முதலாளி அவரிடம் ஒரு நாள் கேட்டேவிட்டார். "டீச்சர், இந்தக் காடிய எதப் பாத்து வாங்குனீங்க?"

"சீட்டப் பாத்து. எனக்கு முதுகு வலி. நல்லா புடிச்சிக்கிற சீட்டா இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. எட்டு காடியில உக்காந்து பாத்தேன். இதுதான் புடிச்சிக்கிச்சு."

"அப்ப டர்போ?"

"அது கூடவே வந்திச்சு."

வந்தது மட்டுமல்ல, போகவும் தொடங்கியிருந்தது. முடுக்கினால் விசில் போலச் சத்தம், பின்னால் நீலப் புகை. கழற்றிப் பார்த்தேன். டர்போ என்பது எஞ்சின் வெளியே தள்ளும் சூட்டுப் புகையில் சுழலும் ஒரு சிறு சக்கரம். அதன் அச்சு எண்ணெயில் மிதந்துகொண்டே சுழல வேண்டும். இங்கே எண்ணெய் வரும் குழாயில் கருகருவென்று கரி அடைத்திருந்தது. அச்சு எண்ணெய் இல்லாமல் தேய்ந்து ஆடியது.

கரி எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியை டீச்சரிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் எனக்கு எதிரில்தான், பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். சேலை, திருநீறு, கண்ணாடி. இந்த அம்மா நாற்பதுக்கு மேல் ஓட்ட மாட்டார், மெதுவாக ஓட்டியே எஞ்சினில் கரி சேர்ந்துவிட்டது என்று எனக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பேசாமல் தப்பித்தோம் என்று நிம்மதியாகவும் இருந்தது.

முதலாளி புக்கிட் தெங்காவில் பழைய டர்போக்களை ரீகண்டிஷன் செய்து புதிதாக்கும் அண்ணன் ஒருவரிடமிருந்து ஒன்றை வரவழைத்தார். அந்த அண்ணன் போனில் என்னிடம், "காடிக்காரரு எப்படி ஓட்டுவாரு?" என்று கேட்டார். "டீச்சரு. ரொம்ப மெதுவா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். போனில் பேசுவது எனக்கு நேரில் பேசுவதைவிடக் கஷ்டம்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளருக்கு நானாக முன்வந்து யோசனை சொன்னேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதால் அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது.

"டீச்சர், இது ஓட வேண்டிய காடி. மெதுவா ஓட்டினா கரி புடிக்கும். காலையில ரோடு காலியா இருக்கும்போது நல்லா அடிச்சு ஓட்டுங்க."

"அடிச்சுன்னா?"

"பயப்படாம மிதிங்க."

"சரி" என்றார் டீச்சர். நல்ல மாணவி சொல்வது போல.

ஐந்தே வாரத்தில் கார் கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டது. முந்தையதைவிட மோசமான சாவு. முதலாளி டர்போவைக் கையில் எடுத்து, அச்சை ஆட்டிப் பார்த்து, அதை மேசைமேல் வைத்தார். கோபம் வந்தால் அவர் சத்தம் போட மாட்டார், மேசையைத் துடைப்பார். அன்று மேசையை இரண்டு முறை துடைத்தார்.

"குணா, நீ மாட்டினதுல தப்பா, அவன் செஞ்சதுல தப்பா?"

"நான் சரியாத்தான் மாட்டினேன் முதலாளி. குழாயையும் சுத்தம் பண்ணினேன்."

அது உண்மைதான். ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு மிச்சம் இருந்தது ஒரே ஆள். "அப்ப புக்கிட் தெங்காக்காரன்தான்" என்றார் முதலாளி. நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறொரு கடையிலிருந்து மூன்றாவது டர்போ வந்தது. செத்துப்போனதை அடுத்த வாரம் புக்கிட் தெங்காவுக்கே கொண்டுபோய், எல்லார் முன்னாலும் அந்த அண்ணன் மேசையில் வைத்து, இனி உன்னோடு வியாபாரம் இல்லை என்று சொல்லிவிட்டு வருவதாக முதலாளி முடிவு செய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூணாவதும் இப்படி வந்துச்சுன்னா, ஹோயிஸ்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேன். நீ டயர் பக்கம் போயிரு."

இப்போது நான் வெட்கப்படும் பகுதிக்கு வருகிறோம். நானும் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் குடியிருந்தேன். தினமும் காலை ஆறே முக்கால் பெர்ரியில்தான் தீவுக்கு வருவேன். அதே பெர்ரியின் கீழ்த்தட்டில்தான் டீச்சரின் சிவப்புக் காரும் வந்துகொண்டிருந்தது. பாலம் வந்த பிறகும் அவர் பெர்ரியை விடவில்லை, அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு வகுப்பு நோட்டைத் திருத்திவிடலாம் என்பதால். காரின் கூரையை மேல்தட்டிலிருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு முன்பக்கம் போய்விடுவேன். பட்டறைக்கு வெளியே வாடிக்கையாளரைப் பார்த்தால் என்ன பேசுவது? ஒரே ஒரு நாள் இறங்கிப் போய் வணக்கம் சொல்லியிருந்தால் இரண்டாவது டர்போ பிழைத்திருக்கும்.

என்னை இறக்கிவிட்டது மழைதான். மூன்றாவது டர்போ மாட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று காலைதான் முதலாளி புக்கிட் தெங்காவுக்குப் போவதாக இருந்தது. மேல்தட்டில் சாரல் அடித்து நாளிதழ் நனைந்துபோனதால், கார்கள் ஏறும் பின்பக்கத்தில், கீழ்த்தட்டுக்கு இறங்கும் படிக்கட்டில் வந்து ஒதுங்கினேன். கடைசிக் காரும் ஏறிவிட்டது என்று ஊழியர் சங்கிலியைக் கையில் எடுத்தார். அப்போது சாலையில் ஒரு சத்தம். சிவப்புக் கார் மழையைக் கிழித்துக்கொண்டு வந்து, சரிவில் ஏறி, முன் காருக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. கார்ப் பந்தயத்தில்கூட அப்படி ஒரு நிறுத்தத்தை நான் பார்த்ததில்லை.

ஊழியர் அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். "எஞ்சின் மத்தி, எஞ்சின் மத்தி."

பெர்ரியில் எஞ்சினை அணைத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். மற்றவர்கள் கண்ணாடியை ஏற்றி, முடியைச் சரிசெய்து, இரண்டாம் முறை கத்திய பிறகுதான் அணைப்பார்கள். டீச்சர் சட்டத்தை மதிப்பவர். ஊழியரின் கை இறங்குவதற்குள் சாவியைத் திருகிவிட்டார்.

நான் படியிலேயே நின்றேன். எஞ்சினை மூடிய பொன்னட்டுக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம். சூட்டில் விரிந்த இரும்பு சுருங்கும் சத்தம். பொன்னட்டில் மழைத்துளி ஒட்டியிருந்த இடமெல்லாம் ஆவி. உள்ளே டர்போ செக்கச் சிவந்திருக்கும். எஞ்சின் நின்றதால் எண்ணெயும் நின்றிருக்கும். நின்ற எண்ணெய் அந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில், தினமும் என் காலுக்குக் கீழேயே நடந்துகொண்டிருந்தது.

இறங்கிப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். டீச்சர் சிவப்புப் பேனாவோடு நிமிர்ந்தார்.

"குணா தம்பியா? நீங்களும் இந்த பெர்ரிதானா? எவ்ளோ நாளா?"

"ஏழு வருஷமா டீச்சர்."

"நான் பாத்ததே இல்லையே."

"நான் பாத்திருக்கேன்."

"பாத்துட்டு?"

நான் காரைக் காட்டினேன். "தினமும் இப்படித்தான் வருவீங்களா?"

"முன்னயே கொஞ்சம் வேகமாத்தான் வருவேன். நீங்க அடிச்சு ஓட்டச் சொன்னதுலேருந்து நல்லா மிதிக்கிறேன் லா. கணக்குப் போட்டுப் பாத்தேன். பத்து நிமிஷம் கூடத் தூங்கலாம்."

"டீச்சர், தோசைக்கல்ல நல்லா காய வச்சு, எண்ணெய ஊத்திட்டு அப்படியே விட்டா என்ன ஆகும்?"

"கருகிப்போய் பிசின் மாதிரி ஒட்டிக்கும்."

"அதான் உள்ள நடக்குது. வேகமா வந்து டக்குனு நிறுத்துறீங்க. எண்ணெய் ஓடுறது நின்னுடுது, சூடு நிக்கல."

டீச்சர் பேனாவை மூடினார். "மெதுவா ஓட்டுறதாலதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்."

"யாரு உங்களுக்கு அப்படிச் சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்களப் பாத்து நானா நெனச்சிக்கிட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்னப் பாத்தா மெதுவா ஓட்டுற ஆளு மாதிரியா இருக்கு?"

இரண்டு டர்போ போனதைவிட அதுதான் அவருக்கு வருத்தம் என்று நினைக்கிறேன்.

வழி சுலபமானது. இப்போது நீங்கள் டைமர் மாட்டலாமே என்பீர்கள். சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடும் கருவி அப்போதே வந்திருந்தது. ஆனால் பெர்ரியில் சாவியை எடுத்தும் எஞ்சின் ஓடினால் ஊழியர் சும்மா இருப்பாரா? ஆகவே கடைசி நாலு கிலோமீட்டரை மிதிக்காமல் மெதுவாக வர வேண்டும், பெர்ரிக்குள் வருவதற்கு முன்பே டர்போ ஆறிவிடும் என்று சொன்னேன்.

"அப்ப என் பத்து நிமிஷம் போச்சு" என்றார் டீச்சர். சம்மதம் என்று பொருள்.

இங்கேதான் நான் படியேறிப் போயிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், போகத்தான் நினைத்தேன். டீச்சர் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் மூன்றாவது டர்போ நீடிக்கும். வேறு கடை டர்போ நீடித்தால், பழைய கடைக்காரர்தான் மோசம் என்று முதலாளிக்கு உறுதியாகிவிடும். என் ஹோயிஸ்ட் என்னிடமே இருக்கும். ஒருவருக்கும் தெரியாது. நான் செய்ய வேண்டியது எனக்கு மிக நன்றாக வரும் ஒரே காரியம்தான், பேசாமல் இருப்பது.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ. முப்பது பிள்ளைகளில் யார் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று பார்த்தே கண்டுபிடிப்பவர் அவர். "இன்னும் என்னமோ இருக்கு" என்றார். சொல்லிவிட்டேன். புக்கிட் தெங்கா அண்ணன் என்னிடம் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், முதலாளி இன்று காலை போகப்போவதையும்.

"அப்ப ஒரு தப்பும் செய்யாத ஆளு இன்னிக்கு நாலு பேரு முன்னால திட்டு வாங்கப் போறாரு."

"ஆமா டீச்சர்."

"உங்க முதலாளிகிட்ட சொல்லுவீங்களா?"

"பேச வராது டீச்சர். அவரு முன்னால போய் நின்னா வாயே திறக்காது."

அவர் ஒரு நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து, நீலப் பேனாவோடு என் கையில் கொடுத்தார். "கரைக்குப் போக பத்து நிமிஷம் இருக்கு. எழுதுங்க."

பொன்னட் மேல் வைத்து எழுத முடியவில்லை, சுட்டது. அடுத்த வேனின் முதுகில் வைத்து எழுதினேன். ஐந்து வரி. அதில் மூன்று வரி என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வரிகள். டீச்சர் வாங்கிப் படித்து, அந்த மூன்றையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு என்னைக் காரில் ஏற்றி, சைக்கிள்கள் முந்திப் போகும் வேகத்தில் ஓட்டிவந்து பட்டறை வாசலில் இறக்கினார். சீட்டு உண்மையிலேயே முதுகை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

எட்டு மணிக்கு முதலாளி வந்தார். செத்துப்போன டர்போவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"செவப்பு மை யாரு?"

"டீச்சரு."

"மார்க்கு போடலையா?"

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். பிறகு போனைச் சுழற்றி, மறுமுனையில் ஆள் வந்ததும் என் கையில் கொடுத்தார். "நீயே சொல்லு."

எனக்கு வியர்த்தது. டர்போவில் குறையில்லை, தெரியாமலே மெதுவா ஓட்டுவார் என்று சொன்ன என்மேல்தான் தப்பு என்று காகிதத்தில் மிச்சமிருந்த இரண்டு வரியை அப்படியே படித்தேன். மறுமுனையில் புக்கிட் தெங்கா அண்ணன் பேசினார்.

"தம்பி, அன்னிக்கே ஒன்ன கேட்டேன்ல? எப்படி ஓட்டுவாங்கன்னு?"

"கேட்டீங்க அண்ணே."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும் லா. நீ பாத்துட்டு வந்த மாதிரியில்ல சொன்ன."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். முதலாளி போனை வாங்கி, அடுத்த வாரத்துக்கு இரண்டு டர்போ வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் அது.

நான் என் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு நின்றேன். "டயர் பக்கம் போகவா முதலாளி?"

"எதுக்கு? டயரு ஒன்கிட்ட பேசாது, நீயும் அதுகிட்ட பேச வேணாம். அங்க அனுப்பினா ஒனக்கு லீவு குடுத்த மாதிரி." ஒரு நாற்காலியை இழுத்து, பட்டறையின் வாசலில், வெயில் விழும் இடத்தில் போட்டார். "இங்க உக்காரு. ஒரு மாசம் ஸ்பேனரத் தொடக் கூடாது. வர்ற ஒவ்வொரு ஆளுகிட்டயும் பேசிட்டுத்தான் காடிய உள்ள விடணும்."

தம்பிகளே, அந்த ஒரு மாதம் டயர் பக்கத்து ஆறு வருடத்தைவிட நீளம். முதல் நாள் முதலில் வந்தவர் ஒரு ரொட்டி வேன்காரர். எந்த வழியாக வருகிறீர்கள், எங்கே நிறுத்துவீர்கள், வேறு யாராவது ஓட்டுவார்களா என்று தரையைப் பார்த்தபடி கேட்டேன். "நீ மெக்கானிக்கா, போலீசா?" என்றார். இரண்டாம் வாரம், காரின் முன்சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று வந்தவர், நான் பத்து நிமிடம் கேட்ட பிறகுதான், மகளுக்குக் கார் நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறேன், அவள் தினமும் அதே நடைபாதைக் கல்லில் முட்டுகிறாள் என்று ஒப்புக்கொண்டார். மகளிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

காலையில் பெர்ரியில் கீழ்த்தட்டுக்கு இறங்கிப் போகத் தொடங்கினேன். டீச்சர் கண்ணாடியை இறக்கி, "எத்தன மார்க்கு?" என்பார். பொன்னட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சூட்டுக்குத் தகுந்தபடி எழுபது, எண்பது என்பேன். அறுபது கொடுத்த அன்று, "தூங்கிட்டேன், விடுங்க" என்று நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் பெர்ரி தேவைப்படாத சுங்கை பாக்காப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாகிப் போகும்வரை அந்த மூன்றாவது டர்போவை நான் கழற்றவே இல்லை.

மாதம் முடிந்த அன்று முதலாளி வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். வெயிலைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். அந்த மாதம் சரிசெய்து அனுப்பிய கார் ஒன்றுகூட அதே கோளாறோடு திரும்பி வரவில்லை என்றார். பிறகு இரண்டாவது ஹோயிஸ்டின் சாவியை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

நான் எழுந்து, நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"அத எங்க தூக்கிட்டு வர்ற? அங்கயே போட்டு வை. அதுவும் ஒன்னோடதுதான்."